துளைக்குள் ஒரு தொழிலாளி

நாவல் எழுதுகிறவனுக்கு ஊர் முழுவதும் தேவையில்லை. ஒரு தெரு போதும். அந்தத் தெருவில் ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு மனிதன் கிடைத்துவிட்டால் அவன் தொழில் நடந்துவிடும். ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறவருக்கோ அந்த மனிதன் தாளில் ஒரு கோடு. கோடுகளைக் கூட்டி, வகுத்து, சராசரி வயது இவ்வளவு, சராசரி வருமானம் இவ்வளவு என்று அறிக்கை எழுதிவிடுவார். அறிக்கை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள், ரேஷன் அரிசி அனுப்புகிறார்கள். ஆனால் அந்தச் சராசரி மனிதரை இதுவரை யாரும் தெருவில் சந்தித்து க்ஷேமம் விசாரித்ததில்லை.

ரசாயன சாஸ்திரம் நெடுங்காலம்வரை ஜனத்தொகைக் கணக்காகவே இருந்து வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கல்லூரியில் நானும் இரண்டு வருஷம் ரசாயனம் படித்தேன். ஒரு மூலக்கூறு இன்னொரு மூலக்கூறுடன் சேர்ந்து மூன்றாவது ஒன்று பிறந்ததாகக் கரும்பலகையில் எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகையைப் போல அத்தனை தெளிவாக இருக்கும். சோதனைக் குழாயிலோ கோடி கோடிக் கல்யாணங்கள் ஒரே முகூர்த்தத்தில் நடக்கும். நமக்குத் தெரிவதெல்லாம் நிறம் மாறியதும் சூடு ஏறியதும்தான். அந்தக் கோடிகளில் ஒன்றை மட்டும் தனியே பிடித்து, அது வேலை செய்வதைப் பார்த்துவிட வேண்டும் என்று சிலர் பாடுபட்டார்கள். அவர்களுடைய சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதில் ஒற்றைக் கை மனிதர் ஒருவர் வருகிறார். அலுமினியத் தகட்டில் போட்ட துளை வருகிறது. கடைசியில், கடல் கடந்த ஓர் ஏழை தேசத்துக்கு நேர்ந்த பெரும் அநியாயமும் வருகிறது.

முதலில், பார்க்கப்பட வேண்டிய வேலைக்காரன் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் நிதானமாக மென்றுகொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் இனிப்புத் தட்டும். உமிழ்நீரில் உள்ள ஒரு பொருள் மாவுச் சத்தைச் சர்க்கரையாக வெட்டிப் போடுகிறது. இப்படித் தான் செலவாகாமல் பிற பொருள்களை வெட்டவும் ஒட்டவும் செய்கிற பொருளுக்கு நொதி என்று பெயர் வைத்திருக்கிறோம். என்ஸைம் என்றாலும் அதுதான். நம் உடம்பில் ஆயிரக்கணக்கான நொதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கைத்தொழில்தான் தெரியும். தச்சன் தட்டார வேலைக்குப் போகமாட்டான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்த வேலை உயிருள்ள பொருளுக்குள்ளேதான் நடக்கும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். சர்க்கரை சாராயமாகப் புளிப்பதற்கு உயிருள்ள ஈஸ்ட் வேண்டும் என்பது பாஸ்டர் பெருமானின் கட்சி. 1897-ல் எடுவர்ட் புக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தார். உயிரணு ஒன்றுகூட மிஞ்சாத அந்தச் சாறு, சர்க்கரையைச் சேர்த்ததும் நுரைத்துப் பொங்கியது. உயிர் போன பிறகும் வேலை நின்றுவிடவில்லை! இதற்காக 1907-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். 1917-ல், முதல் உலக யுத்தத்தில் ருமேனியப் போர்முனையில் காயம்பட்டு அவர் இறந்தார்.

சாறு வேலை செய்கிறது, சரி. சாற்றுக்குள் வேலை செய்கிறவன் யார்? அடுத்த முப்பது வருஷம் இந்தக் கேள்வி ரசாயன உலகத்தை ஆட்டிவைத்தது. ரிஷார்ட் வில்ஸ்டேட்டர் என்ற மேதை, இலைகளின் பச்சை நிறத்தை ஆராய்ந்து 1915-ல் நோபல் பரிசு வாங்கியவர், நொதி என்பது புரதமே அல்ல என்று அடித்துச் சொன்னார். அவர் ஒரு நொதியைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்துகொண்டே போனார். ஒரு கட்டத்தில் புரதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் எல்லாம் ‘இல்லை’ என்று கைவிரித்துவிட்டன. நொதியின் வேலையோ நடந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே புரதம் வேறு, நொதி வேறு என்று முடிவு கட்டினார். அவர் செய்த சோதனையில் குற்றம் இல்லை. சோதனைக் கருவிக்கு எட்டாத அளவு கொஞ்சமான புரதம் அங்கே மிஞ்சியிருந்தது. அந்தக் கொஞ்சமே அத்தனை வேலையையும் செய்தது. வேலை பெரியது, வேலைக்காரன் மிகச் சிறியவன். இந்தச் சரித்திரம் முழுவதும் இந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வரும்.

வில்ஸ்டேட்டரை எதிர்த்து நின்றவர் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர். பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில், கூட வந்தவனுடைய துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இடது கை போய்விட்டது. அவர் பிறவியிலேயே இடது கைப் பழக்கமுள்ளவர். வலது கையால் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டார்; டென்னிஸ்கூட ஆடினார். ரசாயனம் படிக்கப் போனபோது, ஒற்றைக் கைக்காரனுக்கு இந்தத் துறை ஒத்துவராது, சட்டம் படி என்று ஹார்வர்டில் அவருடைய ஆசிரியரே புத்தி சொன்னாராம். சம்னர் அந்தப் புத்தியைக் கேட்கவில்லை. 1914-ல் பட்டம் பெற்று, நியூயார்க் மாகாணத்து இத்தாகா என்ற சிற்றூரில் உள்ள கார்னெல் சர்வகலாசாலைக்கு உத்தியோகமாகப் போய்ச் சேர்ந்தார். இத்தாகா என்ற பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்த நொதி யூரியேஸ். மாட்டுக் கொட்டிலில் மூக்கைத் துளைக்கிறதே ஒரு நெடி, அது யூரியாவிலிருந்து அம்மோனியா பிரிவதால் வருவது, பிரித்துவிடுவது யூரியேஸ். இந்த நொதி ஒருவகை அவரை விதையில் ஏராளமாக இருக்கிறது. நம் ஊர்த் தம்பட்டை அவரைக்கு நெருங்கிய உறவான செடி அது. விதையை மாவாக்கி, கரைத்து, வடிகட்டி, குளிரவைத்து என்று 1917 முதல் ஒன்பது வருஷம் சம்னர் பாடுபட்டார். வசதி போதாத ஆய்வுக்கூடம். குளிர வைக்க வேண்டிய பாத்திரங்களை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இரவில் நல்ல குளிர் அடிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார்களாம். நடுவே பிரஸ்ஸல்ஸுக்குப் போய் ஒரு நிபுணருடன் வேலை செய்ய ஏற்பாடு நடந்தது. நொதியைத் தனியாகப் பிரிப்பதாவது என்று அந்த நிபுணர் நகைத்துவிட்டதால் அதுவும் நின்றுபோயிற்று.

1926-ல் ஒருநாள் அஸிட்டோன் கலந்த கரைசலை இரவு முழுவதும் குளிரில் வைத்திருந்து, மறுநாள் ஒரு சொட்டை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். எண்முகப் படிகங்கள் சின்னஞ்சிறு கற்கண்டுத் துண்டுகளைப் போல மின்னின. படிகங்களைக் கரைத்துப் பார்த்தால் அபாரமான யூரியேஸ் சக்தி! சோதித்துப் பார்த்தால் புரதம்! நொதி புரதம்தான் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் வில்ஸ்டேட்டர் கட்சி லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. 1930-ல் ஜான் நார்த்ராப் இரைப்பையின் பெப்ஸினையும் படிகமாக்கிக் காட்டிய பிறகே எதிர்ப்பு ஓய ஆரம்பித்தது. 1946-ல் சம்னருக்கு நோபல் பரிசு வந்தது.

சம்னர் பார்த்தது படிகம். ஒரு மில்லிகிராம் யூரியேஸில் ஏறக்குறையப் பத்துக் கோடி கோடி மூலக்கூறுகள் அடங்கியிருக்கும். பெரிய படையின் அணிவகுப்பை மலை உச்சியிலிருந்து பார்த்தது போலத்தான். சிப்பாய் ஒருவனுடைய முகம் தெரியவில்லை.

தெரிய வேண்டிய அவசியம்தான் என்ன என்று கேட்கலாம். 1913-லேயே பெர்லினில் லியோனர் மைக்கேலிஸ் என்பவரும், கனடாவிலிருந்து வந்திருந்த மாட் மென்டன் என்ற பெண்மணியும் சேர்ந்து ஒரு கணக்குச் சூத்திரம் எழுதிவிட்டார்கள். நொதி இவ்வளவு, அதற்குத் தரும் பொருள் இவ்வளவு என்றால் வேலை இந்த வேகத்தில் நடக்கும் என்று அது சொல்லிவிடும். மருந்து செய்கிறவர்கள் இன்றும் அதை நம்பித்தான் காரியம் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சூத்திரத்தில் மறைந்திருக்கும் அனுமானம் ஒன்று உண்டு: எல்லா வேலைக்காரர்களும் ஒரே அச்சு, ஒரே வேகம். நூறு பேர் சேர்ந்து ஒரு நாளில் ஆயிரம் கூடை முடைந்தால் தலைக்குப் பத்துக் கூடை என்று வகுத்துவிடலாம். ஐம்பது பேர் இருபது கூடை முடைந்திருக்கலாம், மீதி ஐம்பது பேர் மரத்தடியில் படுத்துத் தூங்கியிருக்கலாம். ஆயிரம் என்ற எண் அதைச் சொல்லாது.

இந்தச் சந்தேகத்தை முதலில் தீர்க்கப் புறப்பட்டவர் போரிஸ் ராட்மன். 1961-ல் அவர் நொதி கலந்த நீரை எண்ணெய்க்குள் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடித்தார். சில துளிகளில் ஒரே ஒரு நொதி மூலக்கூறு மாட்டிக்கொள்ளும்; பல துளிகளில் ஒன்றுமே இராது. நொதி வெட்டும்போது ஒளிரக்கூடிய ஒரு பொருளையும் துளிக்குள் சேர்த்திருந்தார். மணிக்கணக்கில் காத்திருந்தபோது, நொதி உள்ள துளி மட்டும் மெல்ல மெல்ல ஒளி பெற்றது. ஆளைப் பார்க்காவிட்டாலும், பூட்டிய அறைக்குள் ஒரே ஆளை விட்டு, மாலையில் கதவைத் திறந்து அவன் முடைந்த கூடைகளை எண்ணிவிட்டார். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாமர்த்தியம்.

ஆளையே பார்க்க இன்னும் முப்பது வருஷம் போல ஆயிற்று. 1989-ல் அமெரிக்காவில் மோர்னர் என்பவரும் அவருடைய சகாவும், கடுங்குளிரில் உறைந்த பளிங்குக்குள் ஒரே ஒரு சாய மூலக்கூறு ஒளியை விழுங்குவதைக் கண்டார்கள். அடுத்த வருஷம் பிரான்ஸில் ஓர்ரி என்பவர் அத்தகைய ஒற்றை மூலக்கூறு உமிழும் ஒளியையே பிடித்தார். பிறகு 1998-ல் ஸன்னி ஸீ என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் வாஷிங்டன் மாகாணத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அழகான ஒரு காரியம் செய்தார்கள். கொலஸ்டிராலை மாற்றும் நொதி ஒன்றுக்கு இயற்கையே ஒரு விளக்கை வைத்திருக்கிறது. அதன் வேலைச் சுற்றில் ஒரு பாதியில் அந்த விளக்கு எரியும், மறு பாதியில் அணையும். நொதிகளை ஜெல்லிக்குள் தனித்தனியே சிறைவைத்து நுண்பெருக்கியில் பார்த்தபோது, மின்மினிப் பூச்சிகளைப் போல அவை எரிந்தும் அணைந்தும் கண்சிமிட்டின. ஒரு சிமிட்டலுக்கு ஒரு வேலை.

சிமிட்டல்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஒரே நொதி ஒரு சமயம் சுறுசுறுப்பாக வேலை செய்தது, ஒரு சமயம் மந்தமாகிவிட்டது. மந்தமான ஒரு சுற்றுக்குப் பிறகு வரும் சுற்றும் மந்தமாக இருக்கவே அதிக வாய்ப்பு இருந்தது. சற்று முன் தான் இருந்த நிலையின் சுவடு அதனிடம் கொஞ்ச நேரம் தங்குகிறது என்று அர்த்தம். புரதம் இறுகிய யந்திரமாக இல்லாமல் சதா நெளிந்து உருவம் மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். அப்படியானால் மைக்கேலிஸ்-மென்டன் சூத்திரம் தவறா? அதுவும் இல்லை. ஸீயின் குழுவினர் 2006-ல் வேறொரு நொதியை வைத்துச் சோதித்தபோது, அதன் பல நூறு சுற்றுகளின் சராசரி பழைய சூத்திரத்துக்கு ஒத்தே வந்தது. சராசரி சரி, அதற்குள்ளே மூச்சு வாங்கி, வேகம் பிடித்து, தளர்ந்து ஒரு தனி வாழ்க்கையும் நடக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை என் தொழில் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் பெரிய தடை ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கடந்த கதைதான் இந்தச் சரித்திரத்தின் நடு முடிச்சு.

ஒளியைக் கொண்டு எத்தனை சிறிய இடத்தையும் குறிபார்த்துவிட முடியாது. ஒளி அலையாக வருவதால், அதன் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்குக் கீழே அதைக் குவிக்க முடியாது என்று 1873-லேயே எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மானியர் நிர்ணயித்துவிட்டார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். ஆகவே எத்தனை நல்ல கண்ணாடி வைத்தாலும், ஒளிப்பொட்டு இருநூறு நானோமீட்டருக்கு அதிகம் கீழே இறங்காது. நொதியோ பத்து நானோமீட்டர்.

அதனால் என்ன, ஒற்றை நொதியை மட்டும் அங்கே வைத்தால் போயிற்று என்று தோன்றும். நொதிக்குச் சாப்பாடு வேண்டாமா? வேலை செய்ய மூலப்பொருள் வேண்டும். அதுவும் இயற்கையில் உள்ள அளவுக்குத் தாராளமாகச் சுற்றிலும் மிதக்க வேண்டும். அந்த மூலப்பொருளில் ஒளிரும் சாயத்தை ஒட்டிவைத்தால்தான் நொதி அதை எடுப்பது தெரியும். நொதிக்குப் பிடித்தமான அளவில் கரைத்தால், குவிந்த ஒளிப்பொட்டுக்குள் ஒரே சமயத்தில் பல நூறு சாய மூலக்கூறுகள் நீந்தும். திருவிழாக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் தீவட்டி இருந்தால், நமக்கு வேண்டிய ஒருவனுடைய தீவட்டியை எப்படி அடையாளம் காண்பது? கூட்டத்தைக் குறைத்தால் நொதி பட்டினி கிடக்கும். கூட்டத்தைக் கூட்டினால் நம் கண் கூசும்.

இதற்கு வழி கண்டது மீண்டும் இத்தாகா. சம்னர் படிகம் கண்ட அதே கார்னெல் சர்வகலாசாலையில், எழுபத்தேழு வருஷங்களுக்குப் பிறகு, 2003 ஜனவரியில் அந்தக் கட்டுரை வெளியாயிற்று. வாட் வெப் என்ற பௌதிகப் பேராசிரியரும், மிக நுண்ணிய பொருள்களைச் செதுக்குவதில் வல்லவரான ஹரால்டு கிரெய்க்ஹெட்டும் வழிகாட்டிகள். மைக்கேல் லெவீன், யோனாஸ் கோர்லாக், ஸ்டீபன் டர்னர், மத்யூ ஃபோக்கே என்பவர்கள் வேலையில் இறங்கிய இளைஞர்கள்.

அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள, சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவைப் பாருங்கள். கண்ணாடிக்கு உட்புறம் பொட்டுப் பொட்டாகத் துளையிட்ட உலோகத் தகடு ஒன்று இருக்கும். உள்ளே சுடும் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அந்தச் சிறு துளை வழியாக அதனால் வெளியே வர முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலையோ மிகச் சிறியது; தாராளமாகத் துளையில் புகுந்து வந்து, உள்ளே பால் பொங்குவதை நமக்குக் காட்டிவிடுகிறது. துளையைவிட அலை மிகப் பெரிதாக இருந்தால் அலை உள்ளே செல்லாது. விஷயம் இவ்வளவுதான்.

இத்தாகாக்காரர்கள் அந்தத் துளையை ஒளிக்கே அடைக்கும் அளவுக்குச் சிறிதாக்கினார்கள். கண்ணாடிமேல் மெல்லிய அலுமினியப் பூச்சு. அதில் நூறு நானோமீட்டருக்கும் குறைந்த குறுக்களவுள்ள துளைகள். ஒரு தலைமயிரின் அகலத்தில் ஆயிரம் துளைகளை நெருக்கி வைத்துவிடலாம் என்றால் அதன் சிறுமை விளங்கும். கண்ணாடிக்குக் கீழிருந்து ஒளியை வீசினால், அது துளையின் வாயில் தலையை நீட்டும். மேலே போக வழியில்லாமல் சில பத்து நானோமீட்டருக்குள்ளேயே மங்கி மடிந்துவிடும். ஆகவே துளையின் அடிமட்டத்தில் மட்டும் மெல்லிய ஓர் ஒளிப் படலம் தங்கும். குவித்த ஒளிப்பொட்டைவிட அந்த இடம் பல்லாயிரம் மடங்கு சிறியது. எந்த முறையிலும் ஒளி அதற்குள் பயணம் செய்ய இயலாது என்பதால் அதற்கு ‘ஜீரோ மோட் வேவ்கைட்’ என்று பெயரிட்டார்கள். ஒளி போக முடியாத ஒளிப்பாதை!

அந்த ஒளிப் படலத்தில் நொதி ஒன்றை ஒட்டவைத்தார்கள். மேலே சாயம் பூண்ட மூலப்பொருள் எத்தனை கூட்டமாக வேண்டுமானாலும் மிதக்கட்டும்; எல்லாம் இருட்டில். தற்செயலாக ஒன்று கீழே வந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். நொதி ஒன்றைப் பிடித்து வேலை செய்யும் நேரத்தில் மட்டும் சாயம் ஒளிப் படலத்துக்குள் தங்கி, பளிச்சென்று தெரியும். தொழிலாளியின் பட்டறையில் மட்டும் விளக்கு. வெளியே கூட்டம் இருட்டில். நொதிக்கும் பட்டினி இல்லை, நமக்கும் கண் கூசவில்லை.

அவர்கள் பட்டறையில் உட்கார்த்தி வைத்த தொழிலாளி டி.என்.ஏ. பாலிமரேஸ். உயிரின் எழுத்துச் சுருளைப் படித்து எழுத்துக்கு எழுத்து பிரதி எடுக்கும் நொதி அது. 1950-களில் ஆர்தர் கார்ன்பெர்க் கண்டறிந்து 1959-ல் நோபல் பரிசு பெற்ற நொதிக் குடும்பம். எழுத்துகள் நான்கே, நான்குக்கும் நான்கு நிறச் சாயம் கொடுத்துவிட்டால், நொதி எந்த எழுத்தைக் கையில் எடுக்கிறது என்பது துளையில் தெரியும் நிறத்திலிருந்து விளங்கிவிடும். சாயத்தை எழுத்தின் வாலில் கட்டினார்கள். எழுத்தைச் சேர்க்கும்போது நொதி அந்த வாலை வெட்டி எறிவது வழக்கம்; வாலோடு சாயமும் போய்விடும். துளை இருளும், அடுத்த எழுத்து வரும், மறுபடி ஒளிரும். எழுதுகிறவனுடைய பேனாவை அவன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பது போன்ற காரியம்.

அதற்கு நல்ல எழுத்தன் வேண்டுமே! இடையில் களைத்து எழுந்து போகாதவன் வேண்டும். அவனைத் தந்தவர் மார்கரீட்டா ஸாலஸ் என்ற ஸ்பானியப் பெண்மணி. 1967-ல் நியூயார்க்கிலிருந்து கணவருடன் மாட்ரிடுக்குத் திரும்பி, ஃபை-29 என்ற, பாக்டீரியாவைத் தாக்கும் சின்ன வைரஸை ஆராயத் தொடங்கினார். இதனால் என்ன லாபம் என்று யாரும் சொல்ல முடியாத ஆராய்ச்சி. இருபது வருஷம் கழித்து, அந்த வைரஸின் பாலிமரேஸ் எழுந்திருக்காமல் பல்லாயிரம் எழுத்துகளைத் தொடர்ந்து பிரதி எடுக்கும் என்று தெரிந்தது. அதன் உரிமைப் பத்திரம் ஸ்பெயின் தேசத்தின் ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பெரும் பணம் ஈட்டித் தந்தது. 2019-ல் ஸாலஸ் காலமானார். எண்பது வயதைத் தாண்டியும் ஆய்வுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தவர்.

டர்னரும் கோர்லாக்கும் கலிபோர்னியாவில் பஸிபிக் பயோசயன்ஸஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 2009 ஜனவரியில், ஃபை-29 பாலிமரேஸை மூவாயிரம் துளைகளில் வைத்துப் படித்த முடிவுகள் வெளியாயின. துளைக்கு ஒரு நொதி என்று எண்ணிப் போட முடியாது. விதைப்பது போலத் தூவ வேண்டியதுதான். தற்செயலின் கணக்குப்படி, மிக நன்றாக அமைந்தாலும் மூன்றில் ஒரு பங்கு துளைகளுக்குச் சற்று அதிகமாகத்தான் சரியாக ஒற்றை ஆள் கிடைப்பான். சில துளை காலி. சிலவற்றில் இரண்டு பேர் உட்கார்ந்து குழப்புவார்கள்.

ஒற்றை ஆளைப் பார்ப்பதில் இடைஞ்சலும் உண்டு. சராசரியில் கரைந்துபோகும் தடுமாற்றங்கள் இங்கே பட்டவர்த்தனமாகத் தெரியும். ஒரு சமயம் சாயம் ஒளிரத் தவறும். ஒரு சமயம் நொதி எழுத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடும். நமக்கோ அது எழுதிவிட்டதாகத் தோன்றும். ஆரம்பத்தில் நூறு எழுத்துக்குச் சுமார் பதினைந்து பிழைகள். இதற்குக் கண்ட பரிகாரம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுருளின் இரு நுனிகளையும் வளைத்து மூடி வட்டமாக்கிவிட்டார்கள். நொதி செக்குமாடு போல அதையே சுற்றிச் சுற்றி வந்து திரும்பத் திரும்ப எழுதும். பிழை ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறு இடத்தில் விழும். சரியான எழுத்து எல்லாச் சுற்றிலும் அதே இடத்தில் நிற்கும். 2019-ல் இப்படிப் படித்ததில் 99.8 சதவீதம் சரியாக வந்தது. ஒரே சாட்சியைப் பத்துத் தடவை விசாரிக்கும் வக்கீலின் யுக்தி!

சாட்சி என்ற பேச்சு வந்ததால், ஹைட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2010 ஜனவரியில் பூகம்பம் அந்த தேசத்தைத் தரைமட்டமாக்கிற்று. அதே வருஷம் அக்டோபரில், ஒரு நூற்றாண்டாக அங்கே காணப்படாத காலரா ஆர்ட்டிபோனிட் ஆற்றுப் பகுதியில் வெடித்தது. ஆற்று நீரைக் குடித்த ஏழைகள் ஈக்களைப் போல மடிந்தார்கள். நோய் எங்கிருந்து வந்தது? கடல் நீரில் தூங்கிக் கிடந்த உள்ளூர்க் கிருமி சூடேறி விழித்துக்கொண்டது என்று ஒரு கட்சி. கிளை ஆற்றங்கரையில் பாசறை போட்டிருந்த ஐக்கிய நாடுகள் சபையின் நேபாள வீரர்களிடமிருந்து வந்தது என்பது ஊராரின் பேச்சு. நிவாரண நேரத்தில் குற்றவாளியைத் தேடுவது உசிதமல்ல என்று சொன்ன பெரிய மனிதர்களும் இருந்தார்கள்.

ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்களும் பஸிபிக் பயோசயன்ஸஸ் விஞ்ஞானிகளும் ஹைட்டிக் கிருமிகள் இரண்டையும், 1991-ல் லத்தீன் அமெரிக்காவைத் தாக்கிய கிருமி ஒன்றையும், தெற்காசியாவில் 2002-லும் 2008-லும் எடுத்த கிருமிகள் இரண்டையும் இந்தத் துளைகளில் வைத்துப் படித்தார்கள். டிசம்பரிலேயே முடிவு வெளியாயிற்று. ஹைட்டிக் கிருமி, பக்கத்து லத்தீன் அமெரிக்கக் கிருமிக்குத் தூரத்து உறவு. வங்காள தேசத்துக் கிருமிகளுக்கோ கூடப் பிறந்தது போல நெருக்கம். கடல் கடந்து மனிதர்கள் மூலமாக வந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். 2011-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் நேபாளக் கிருமிகளையே கொண்டுவந்து ஒப்பிட்டபோது, சிலவற்றுக்கும் ஹைட்டிக் கிருமிக்கும் ஓரிரண்டு எழுத்துத்தான் வித்தியாசம் இருந்தது. பாசறையின் கழிவு ஆற்றில் கலந்த விவரமும் வெளிவந்தது. எட்டு லட்சம் பேருக்கு நோய்; ஏறக்குறையப் பத்தாயிரம் பேர் சாவு. 2016 டிசம்பர் 1-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் பான் கி மூன், தாங்கள் போதிய அளவு செய்யவில்லை என்று ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். சட்டப்படியான பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. நஷ்ட ஈடு கேட்டுப் போன வழக்கு, சபைக்குச் சட்ட விலக்கு உண்டு என்று அமெரிக்க நீதிமன்றங்களில் தள்ளுபடியாயிற்று.

மூலக்கூறு சாட்சி சொல்லும். தீர்ப்புச் சொல்வது மனிதனுடைய வேலையாகவே இருக்கிறது. பத்தாயிரம் என்ற அந்த எண்ணும் ஒரு ஜனத்தொகைக் கணக்குத்தான். அதற்குள் இருந்த முகங்களைத் தனித்தனியே பார்க்கக் கண்ணாடியும் அலுமினியமும் உதவமாட்டா.

2022-ல், மனிதனின் உயிர்ச் சுருளில் அதுவரை படிக்க முடியாமல் கிடந்த எட்டு சதவீதத்தையும் படித்து முடித்துவிட்டதாக அறிவித்தார்கள். அதற்கு உதவிய முக்கிய முறைகளில் இந்தத் துளைகளும் ஒன்று. அதே வருஷம் வந்த யந்திரத்தின் ஒரு சில்லில் இரண்டரைக் கோடித் துளைகள். மறுபடியும் கோடிக் கணக்குக்குத்தான் வந்துவிட்டோம். ஆனால் இந்தக் கோடியில் ஒவ்வொரு துளைக்கும் தனி நாட்குறிப்பு இருக்கிறது. எந்தத் தொழிலாளி எப்போது வேகமாக எழுதினான், எங்கே தயங்கினான், எந்த எழுத்தோடு நிறுத்தினான் என்று கேட்டால் சொல்லிவிடலாம்.

நிறுத்துவதற்குக் காரணம் பல சமயம் நாம்தான். பார்ப்பதற்காக நாம் வீசும் ஒளி, சாயத்தின் வழியாக நொதியை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. ஒரு கட்டத்தில் அது கடைசி எழுத்தைச் சேர்த்துவிட்டு நின்றுவிடுகிறது; துளை இருண்டுபோகிறது. பக்கத்துத் துளையில் இன்னொன்று எழுதிக்கொண்டே இருக்கிறது. சம்னர் 1955-ல் காலமானார். ஒன்பது வருஷம் அவர் ஜன்னலோரத்தில் குளிருக்காகக் காத்திருந்தது கோடி கோடி பேர் அடங்கிய ஒரு படிகத்துக்காக. அதில் ஒருவனையாவது அவருக்குக் காட்டியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.